பாதி வழியில் ஒரு காதுகுத்து

நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்போம். இங்கே என் விமானத்தில் ஏற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன எடை?" பெர்த் நகரின் ஓரத்திலுள்ள சின்ன விமானத் திடலில், கடலூரிலிருந்து முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்த என் தம்பி செந்திலைத் தராசில் ஏறச் சொன்னேன். "இன்னாக்கா, நெல்லு மூட்டையாட்டம் என்னை நிறுத்துப் பாக்குற?" என்றான். பட்டுப்பாவாடையும் வெள்ளிக்கொலுசும் வைத்த சீர்த்தட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் கையில் பிடித்தபடியே ஏறினான். தங்கத் தோடு சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. "நாலு சீட்டு விமானம்டா. எடை ஜாஸ்தியானா எழும்பாது" என்றேன். "அதுக்கு மங்கலம்பேட்டை பஸ்ஸே தேவலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் வாக்கப்பட்டு, இப்போது பெர்த்திலிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சுரங்க ஊரில் நர்ஸாக இருப்பவள். விமானம் எங்கள் சுரங்க ஊரின் ஃப்ளையிங் கிளப்புக்குச் சொந்தமானது. ஓட்டுவது நான். அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. மறுநாள் காலை என் மகள் யாழினிக்குக் காதுகுத்து. நர்ஸ் என்பதால் குத்தப்போவதும் நானே. யார் மடியில் வைத்துக் குத்துவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. செந்திலுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. "தப்பா நெனச்சிக்காதம்மா, அங்க நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான்ல, ரெண்டு புள்ளைக்காரன். அவன் மடியில வெச்சிக்கலாம்" என்று சிதம்பரத்திலிருந்து மாமியார் போனில் பக்குவமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய்மாமன் உயிரோடு இருக்க ஊரான் மடி எதற்கு? டிக்கெட் போட்டு அவனை வரவழைத்துவிட்டேன்.

பாதி வழியில் ஒரு குட்டி ஊரில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பினோம். நாற்பது நிமிஷம் போயிருப்போம். முன்னால் மேகம் தரையை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. கடலூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மற்ற ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். நாங்களோ அலை எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வண்டியை விடுவோம். அந்தப் புத்தி எனக்கும் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் பார்ப்போமே என்று கை சொன்னது. ஆனால் தரையைக் கண்ணால் பார்த்துப் பறப்பதற்குத்தான் எனக்கு லைசென்ஸ். மேகத்துக்குள் நுழைந்தால் மேல் எது, கீழ் எது என்று எனக்கே தெரியாது. விமானத்தைத் திருப்பினேன்.

"யக்கா, இன்னா திருப்புற?" என்று செந்தில் பதறினான். "சீர் எடுத்துக்கினு கெளம்பிட்டா திரும்பக் கூடாதுக்கா!"

"உயிரோட இருந்தாத்தான்டா சீரு."

செந்தில் சீர்த்தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என்னாலதான் தடங்கல்னு சொல்லுவாங்க. ராசியில்லாதவன்னு ஏற்கெனவே பேரு." காற்று விமானத்தை ஆட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு அழவும் நேரமில்லை.

பெட்ரோல் போட்ட திடலிலேயே இறங்கினோம். மறுநாள் மதியம்வரை மேகம் விலகாது என்றார்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அம்மா நல்ல நேரம் தவற வேணாம்கறாங்க. உன்கூட வேலை பாக்குற நர்ஸ் யாரையாவது குத்தச் சொல்லி, அந்தப் பையன் மடியிலயே..." என்று இழுத்தார். அந்த நேரத்தில்தான் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. முதன்முதலாக வெளிநாடு கிளம்பிய அன்று பாஸ்போர்ட்டை மஞ்சக்குப்பத்து வீட்டிலேயே மறந்துவிட்டேன். ரெட்டிச்சாவடி தாண்டித்தான் தெரிந்தது. காரைத் திருப்ப அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கெளம்புனவ திரும்பக் கூடாது. வேண்டியது தேடி வரட்டும்" என்று ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டார். செந்தில்தான் பைக்கில் பறந்து வந்து கொடுத்தான்.

"மாமா, யாழினியைத் தூக்கிக்கினு நீங்க இங்க வாங்க. அஞ்சு மணி நேரம்தான். ஊசி டப்பா அலமாரியில இருக்கு" என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "சரி, அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார். அந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டது வீண் போகவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தபோது மணி பதினொன்று. நல்ல நேரம் போய்விட்டிருந்தது. திடலைப் பார்த்துக்கொள்ளும் கெவின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செந்தில் வேட்டி கட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். "நீங்கள்தான் அப்பாவா?" என்று கெவின் கேட்டார். "நோ, ஐ ஆம் அங்கிள். மோர் தேன் ஃபாதர்" என்றான் செந்தில். "ஓ, ஸ்டெப் ஃபாதரா!" என்று கெவின் புரிந்துகொண்டவராகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

காதில் புள்ளி வைத்து ஊசியை எடுத்தேன். குத்தினேன். யாழினி வீறிட்டாள். என்னை அடித்தாள், அப்பாவை உதைத்தாள். மாமனின் கழுத்தை மட்டும் இறுகக் கட்டிக்கொண்டாள். நான் தூக்கப் போனபோது, "நீ போ!" என்றாள். செந்தில் தோடு போட்ட காதில் மெல்ல ஊதிக்கொண்டே, அவள் அழுவதைவிட ஜாஸ்தியாக அழுதான். "எறங்க மாட்டேங்குறாக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இந்தப் பத்து வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மதியம் வானம் வெளுத்தது. கிளப் விமானத்தை நான் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். யாழினியோ மாமனை விட்டு வருவதாயில்லை. அதனால் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். நான் தனியாக ஏறினேன். கீழே சிவப்பு மண்ணில் ஒற்றைக் கோடாக ரோடு, அதில் எங்கள் வெள்ளைக் கார். என் பிறந்த வீடும் புகுந்த வீடும் பெற்ற பிள்ளையும் அதற்குள் இருந்தன. அவர்கள் வீடு சேர ஐந்து மணி நேரமாகும், எனக்கு இரண்டரை. முன்னால் போய்க் கதவைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்திருக்கலாம். போக மனம் வரவில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே, அந்தக் காருக்கு மேலே இன்னும் ஒரு வட்டம், இன்னும் ஒரே ஒரு வட்டம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.