மார்சேயில் கழற்றிய செருப்பு

மகன் அனுப்பிவைத்த கப்பல் பயணத்தில், பிரான்சின் பழைய துறைமுகமான மார்சேயில் ஒரு பகல் இறங்கினோம். குன்றின்மேல் மாதா கோயில். கீரமங்கலத்துக்காரி நான், பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.

"இங்கிட்டு யாரும் கழட்டலடி. தொலைஞ்சா வெறுங்காலோடதான் கப்பலுக்கு நடக்கணும்" என்றபடி ஷூக்காலோடு நுழைந்தார் கணவர்.

"தொலைஞ்சா தொலையட்டுங்க."

உள்ளே, நம் ஊரில் பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டுவதுபோல, மாலுமிகள் நேர்ந்துகொண்ட குட்டிக் கப்பல்கள் தொங்கின. நான் கும்பிட்டேன், அவர் படம் எடுத்தார்.

வெளியே வந்தால், என் செருப்பை ஒட்டி இரண்டு ஜோடி ஷூ! வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மனைவியின் கைபிடித்து, காலுறையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"நேரமாச்சு, வாங்க" என்றேன்.

கணவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். "இரு, நான் இன்னும் சாமி கும்பிடல."

எல்லா ஜோடிக்கும் நானே காவல் நின்றேன். கப்பல் போனால் போகட்டும் என்றிருந்தது.