ராத்திரி எட்டு மணி தோசை

போன செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஐந்தரை மணிக்கு, கம்பெனி பஸ்ஸிலேயே நான் போய்ச் சேர்ந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஒரகடம் ஜங்ஷனில் வழக்கமான ஜாம். முன்னாலும் கன்டெய்னர், பின்னாலும் கன்டெய்னர். முதலில் கை நடுங்கியது. அப்புறம் வியர்வை... ஏசி பஸ்ஸில் சுடிதார் முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு! பக்கத்து சீட் முத்துலட்சுமி என்னவோ கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை.

"யக்கா... யக்கா! என்ன செய்யுது? ஏ, யாராச்சும் வாங்களேன்!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். "இன்னாம்மா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு வுடலாம்னா வண்டி எங்க நகருது?"

எப்படி இந்தக் கதிக்கு வந்தேன்? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆனால், சாப்பாட்டு டைரி எழுதப் போகிறேன் என்று இதே ஃபேஸ்புக் பக்கத்தில் ஜம்பமாக அறிவித்தவள் நான்தானே? மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு சுகர். எடை எண்பத்து நாலு. படப்பையில் நான் பார்க்கும் டாக்டரம்மா, "வாயில போடுறதை எல்லாம் எழுதுங்க. ஒண்ணு விடக் கூடாது" என்றார். முதல் வாரம் அரிச்சந்திரன் கணக்காக எழுதினேன். கேன்டீன் பூரி ஆறு. டீயோடு போண்டா மூன்று. பிள்ளை மிச்சம் வைத்த பரோட்டா ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துப் பார்த்தால்... ஐயோ, இதையா ஒரு டாக்டரிடம் காட்டுவது?

அடுத்த வாரம் பூரி இரண்டாயிற்று. போண்டா காணாமல் போயிற்று. அதன் இடத்தில் வெள்ளரிக்காய் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் இன்னொரு ஞானோதயம் — பொய்தானே எழுதப் போகிறோம், சாப்பிடும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? காலையிலேயே மூன்று வேளைக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? என் வேலையே இந்தத் திருட்டைப் பிடிப்பதுதான்!

பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி. லைனில் நிற்பவர்கள் மணிக்கு ஒரு தடவை பாகத்தை அளந்து, அளவை செக் ஷீட்டில் எழுத வேண்டும். பல பேர் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதுவார்கள். கெட்டிக்காரர்கள் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். இந்த முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், லைன் ஆபரேட்டர், ஒருநாள் இரண்டு மணிக்கே நாலு மணி அளவை எழுதி வைத்திருந்தாள். இருபது பேர் முன்னால் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இது பிரேக்கு! யாரோ ஒருத்தர் உயிர் இதுல இருக்கு, தெரியுமா?" என்று கேட்டு, ஷீட்டில் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அழுதுவிட்டாள்.

அந்த நானேதான், போன மாதம் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்திருந்தேன். டைரியைப் புரட்டினார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். மறுபடியும் டைரி. "இவ்வளவு கம்மியா சாப்பிட்டுமா சுகர் இறங்கல? அப்ப மாத்திரை பத்தல" என்று டோஸை ஏற்றினார்.

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். "சரிங்க டாக்டர்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மறுபடி எடை பார்க்கிற நாள். டைரி இளைத்திருக்கிறது, நான் இளைக்கவில்லை! அதனால் செவ்வாய் முழுக்கப் பட்டினி. காலையில் வெறும் கடுங்காபி. மதியம் கேன்டீன் பக்கமே போகவில்லை. ஏற்றிய மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன்... ஒழுங்கான பேஷன்ட் இல்லையா நான்?

இப்போது பஸ்ஸுக்கு வாருங்கள்.

"பசி மயக்கமா இருக்கும், இதைக் குடுங்க" என்று முன் சீட்டிலிருந்து ஒருவர் மாம்பழ ஜூஸ் பாட்டிலை நீட்டினார். "சுகர் பேஷன்ட்டுங்க அவங்க! ஏறிக்கினு கீதோ இன்னாவோ, இனிப்பைக் குடுத்துத் தொலைச்சிடாதீங்க!" என்று இன்னொருவர் தடுத்தார். முத்துலட்சுமி என் பையைக் குடைந்து டைரியை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "மதியம் ரெண்டு சப்பாத்தி, சுண்டல். நாலு மணிக்கு மோரு... பசி இல்லியே, நல்லாதான சாப்பிட்டிருக்காவ?"

நீட்டிய பாட்டில் திரும்பிப் போனது.

எனக்கு எல்லாம் கேட்கிறது. 'பொய்டி, அத்தனையும் பொய்' என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் கையெழுத்தே என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். பிள்ளை முகம் வந்தது. அப்படி ஒரு பயத்தை அதுவரை நான் பட்டதில்லை.

முத்துலட்சுமி மட்டும் டைரியை மூடவில்லை. அடுத்த வரியை மெதுவாகப் படித்தாள். "ராத்திரி எட்டு மணி. தோசை ஒண்ணு, புதினா சட்னி." வாட்ச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏ! இது முன்னாடியே எழுதி வச்சது! அக்கா ஒண்ணுமே சாப்பிடல! அந்த ஜூஸக் கொண்டாங்க... சீக்கிரம்!"

கன்னத்தைத் தட்டித் தட்டி, வாய் வாயாக விழுங்க வைத்தாள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நாக்கு வழிக்கு வந்தது. உயிர் பிழைத்தவள் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "டைரியைக் குடு." அவள் தரவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை மடியிலேயே வைத்திருந்து, கையோடு எடுத்துக்கொண்டும் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அத்தனையும் கொட்டினேன். கிழி கிழியென்று கிழித்தார். "இத்தனை நாளா நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்கலம்மா. நீங்க கற்பனை பண்ணி எழுதின யாரோ ஒருத்திக்குப் பார்த்திருக்கேன்" என்றார். மாத்திரை பழைய அளவுக்கு இறங்கியது. எடை? அதே எண்பத்து நாலுதான்.

நாம் ஏன் நமக்காக எழுதுவதில்லை? யாரோ பார்ப்பார்கள் என்றே எழுதுகிறோம். பார்க்கிறவர் நம்பியும் விடுகிறார் — வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெள்ளிக்கிழமை லைனில் முத்துலட்சுமி டைரியைத் திருப்பித் தந்தாள். இருபது பேர் முன்னால் எல்லாம் இல்லை, தனியாகக் கூப்பிட்டு. வீட்டுக்கு வந்து பிரித்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், ராத்திரி தோசைக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து.

இன்றைய பக்கத்தில் போண்டா இரண்டு என்று இருக்கிறது. ராத்திரிக்கான இடம் காலி. மணி இப்போது ஆறுதானே ஆகிறது!