பேச வைத்த மாத்திரை

ஐம்பத்தாறாம் ஆண்டு ஜனவரியில், ஒரு தகரப்பெட்டியோடும் பாயோடும் பூங்காவனம் மலாக்கா நகரத்துக் காஜா பெராங்குக்குக் குடிவந்தாள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவும் அப்பாசாமியின் மூத்த மகள் அவள். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறிய முதல் ஆள். மலாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியே வந்து அப்பாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தங்க இடம் அங்கே மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் கிடைத்தது. தெய்வானை பீபியின் வீட்டுப் பின்னறை; சின்னம்மா என்பதை அங்கே பீபி என்பார்கள். பீபிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படங்களுக்கு முன்னால் அணையாத விளக்கு. அதையெல்லாம் பார்த்ததும் பூங்காவனத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "வணக்கம்மா, நான்தான் பூங்காவனம்" என்று தொடங்கி வந்த கதையெல்லாம் சொன்னாள். பீபி முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தபடி மலாயில் ஏதோ சொன்னாள். சாமி பெயர்களையும் பொங்கல், விபூதி போன்ற சில சொற்களையும் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கம்பத்தில் யாருக்குமே தெரியாது. பல தலைமுறைகளாக அவர்கள் வீட்டு மொழி மலாய்.

பூங்காவனத்துக்குத் தெரிந்த மலாய், கடையில் சாமான் வாங்கப் போதும். மனம்விட்டுப் பேசப் போதாது. கல்லூரியிலோ எல்லாம் ஆங்கிலம். படித்தால் புரிந்தது, எழுதவும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். அவள் ஒரு வாக்கியத்தை மனத்தில் கட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். வகுப்பில் அவளைத் தவிர ஒரே தமிழ்ப்பெண் விஜயா. அவளும் பட்டணத்துப் பிள்ளை, தோழிகளோடு ஆங்கிலத்திலேயே சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சில வாரங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை பூங்காவனம் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

முதல் வருஷத்துத் தேர்வு நெருங்கியபோது, ஒரு மத்தியான இடைவேளையில் விஜயா அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

"என்னா பூங்கா, மூஞ்சி இப்படித் தொங்குது? தூங்கலியா?"

"படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குது. புஸ்தகத்தைத் தொறந்தாலே கண்ணு சொக்குது."

விஜயா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்தாள். நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரைகள். அவளுடைய அக்கா உடம்பு இளைப்பதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்தவை. அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டாளாம்.

"காலைல ஒன்னு போடு. தூக்கம் எட்டிப் பார்க்காது. நம்ம வகுப்புல அஞ்சாறு பேரு போடறாங்க."

"ஒன்னும் ஆகாதா?"

"டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானேலா. நான் என்ன கள்ளச்சாராயமா தரேன்?"

மறுநாள் காலை கோப்பியோடு ஒன்றை விழுங்கினாள். அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கல்லூரிக்கு நடந்துபோகும் வழியில், யாரோ சன்னலைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. கால் தரையில் பாவவில்லை. வகுப்பில் விரிவுரையாளர் கேள்வி கேட்டதும் அவள் கை தானாக உயர்ந்தது. எழுந்து நின்று பதில் சொன்னாள். ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது. இடைவேளையில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கத்துவதைப்போல் நடித்துக் காட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை அவளுடைய பெயரே தெரியாமலிருந்த ஒருத்தி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

தேர்வுக்காகத்தான் மாத்திரை என்று அவள் விஜயாவிடம் சொன்னாள், தனக்கும் சொல்லிக்கொண்டாள். அந்தத் தோளில் விழுந்த கைக்காக என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெகுகாலம் பிடித்தது.

விஜயாவின் உறை தீர்ந்ததும் பூங்காவனம் தானே ஒரு கிளினிக்குக்குப் போனாள். எந்நேரமும் களைப்பாக இருக்கிறது, மனம் சோர்ந்து கிடக்கிறது என்றாள். அது பொய்யுமில்லை. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். மறுபடி போனபோது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எளைச்சுப் போயிருக்கியேம்மா. இனி இது வேண்டாம். நல்லா சாப்பிடு, தூங்கு."

சாப்பாடுதான் இறங்கவில்லையே. நாக்கு வறண்டு கிடந்தது. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள். பீபி தினமும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, மேலே மூடி வைத்துவிட்டு, "மாக்கான், பூங்கா, மாக்கான்" என்று சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் பின்பக்கம் போய் அதைக் கோழிகளுக்குப் போட்டுவிடுவாள். மாத்திரை இல்லாத நாளிலோ உடம்பு ஈயமாகக் கனத்தது. அழுகை வந்தது. வகுப்பில் பழையபடி ஊமையானாள். அன்றைக்கு யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினாலும், அவர்கள் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். பீபியிடம் போய் உடைந்த மலாயில், தனக்குச் சத்து மாத்திரை வேண்டும், டாக்டர் இரண்டாம் முறை தரமாட்டாராம், பீபி தனக்கென்று கேட்டு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். பீபி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நல்ல கெபாயாச் சட்டை ஒன்றை உடுத்திக்கொண்டு, வேறொரு கிளினிக்குக்குப் போய், எனக்கு உடம்பு அசதி என்று சொல்லி வாங்கிவந்தாள். அங்கே மருந்து கட்டிக்கொடுத்த கலியாணசுந்தரம் அதற்குப் பிறகு மாதாமாதம் ஒன்றும் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பீபி அதை அப்படியே பூங்காவனத்தின் மேசைமேல் வைப்பாள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது.

முதல் வருஷத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டாள். ஐம்பத்தேழு ஏப்ரலில் ஒரு கட்டுரைத் தேர்வு வந்தது. குழந்தை உளவியல் பற்றிய கேள்விக்குப் பேனா ஓடிய ஓட்டத்தில் எட்டுப் பக்கம் எழுதினாள். இதைவிட நன்றாக இந்த ஊரில் யாரும் எழுதியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள். விரிவுரையாளர் தாளைத் திருப்பித் தந்தார். பூங்காவனம் வாசித்துப் பார்த்தாள். ஒரே பத்தியை, சொல் மாறாமல், ஐந்து முறை எழுதியிருந்தாள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். தாளை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, மறுநாளும் மாத்திரையைப் போட்டாள்.

மே மாதம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. கம்போங் செட்டியே கோயிலில் கூடியிருந்தது. பத்து நாளாகப் பீபிக்கு உட்கார நேரமில்லை. கோயில் சமையலில் முக்கால்வாசி அவள் தலையில்தான். முக்கியமான நாளன்று காலையில் பூங்காவனம் மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பிரித்தபோது நான்கு மாத்திரைகள் குறைந்திருந்தன. நாம்தான் கணக்கு மறந்துவிட்டோம் போல என்று எண்ணிக்கொண்டு, திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு, உடை மாற்றிக் கோயிலுக்குப் போனாள்.

உச்சிவேளை. மேளச்சத்தம் காதைப் பிளந்தது. கூட்டத்தின் நடுவே பீபி நின்றிருந்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முகமெல்லாம் வேர்வை. மூச்சுவிடாமல் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். செத்துப்போன கணவரின் பெயர், தங்கையின் பெயர், சமையல் சாமான்களின் பெயர் எல்லாம் கலந்து வந்தன. அம்மன் வந்திருக்கிறாள் என்று கூட்டம் கைகூப்பியது. ஒருவர் வேப்பிலை கொண்டுவந்தார். ஒருத்தி காலில் விழுந்து குறி கேட்டாள். மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

பூங்காவனம் முண்டியடித்துக்கொண்டு கிட்டே போனாள். பீபியின் கண்மணிகள் கறுத்து விரிந்திருந்தன. தாடை இடமும் வலமும் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்த அரைப்பை அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"சாமி இல்ல! இது சாமி இல்ல! விடுங்க அவங்கள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்!"

தமிழில்தான் கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. யாரோ அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். மலாயில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் இன்னும் மாத்திரை போட்டிருக்கவில்லை, நாக்கு புரளவில்லை. ஒன்றரை வருஷம் அந்த மனிதர்களோடு வாழ்ந்தும் அவர்களிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மருந்துக்கு மலாயில் உள்ள சொல் கடைசியில் வந்தது.

"ஊபாட்!" என்று அலறினாள். "ஊபாட்! என்னோட ஊபாட்!" தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, பீபியின் வாயைக் காட்டினாள். "பீபி சாப்பிட்டுட்டாங்க!"

மேளம் நின்றது. அந்த நிசப்தத்தில் பீபி அப்படியே மடங்கி விழுந்தாள்.

டாக்சியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த தமிழ் டாக்டர் பூங்காவனத்தைத் தனியே கூப்பிட்டார். அவள் மறைக்கவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக, யார் பெயரில் வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"எப்பப் பார்த்தாலும் தூங்கி விழுற நோய்க்காரங்களுக்கு உள்ள மருந்தும்மா அது. அந்தம்மாவுக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். நீ இப்ப சொல்லலேன்னா என்ன ஏதுன்னு தெரியாம நாங்களும் தடுமாறியிருப்போம்." பிறகு, "நீ கடைசியா என்னிக்கு ஒழுங்கா தூங்கினே?" என்று கேட்டார்.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

பீபி பிழைத்துக்கொண்டாள். நான்காம் நாள் பூங்காவனம் பார்க்கப் போனாள். கட்டிலருகே நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த மலாய் வாக்கியத்தைச் சொன்னாள். "பீபி, நான் தப்பு செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்க."  பீபி மெதுவான மலாயில், அவளுக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"என் வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சு உனக்காக டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். நீ என்கிட்டயே பொய் சொன்னே. நீ போட்டா ஓடியாடி வேலை செய்யறே, நமக்கும் அசதி போகட்டும்னு எடுத்தேன். சத்து மாத்திரைன்னுதானே சொன்னே."

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வாரமே பீபியின் தம்பி வந்து அறையைக் காலி செய்யச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், கல்லூரி அவளை அந்த வருஷம் முழுவதும் விலக்கி வைத்தது. மாத்திரை போட்ட மற்றவர்கள் யாரென்று முதல்வர் கேட்டபோது அவள் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. விஜயா அதற்குப் பிறகு அவளிடம் பேசவுமில்லை, கடிதம் போடவுமில்லை. அப்பாசாமி வேட்டியும் கோட்டுமாக வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.  ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில்தான், "கேக்குறவங்ககிட்ட ஒடம்பு சரியில்லேன்னு சொல்லிடுவோம். ஒனக்கும் ஒடம்பு சரியில்லதானே, தாயீ?" என்றார்.

லயத்தில் அவள் இரண்டு மாதம் தூங்கினாள். எழுந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம். ஆகஸ்டு முடிவில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று தோட்டத்தில் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்ட ஆரவாரத்தைக் கேட்டபடி படுத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டில் கல்லூரி அவளை மறுபடி சேர்த்துக்கொண்டது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். வகுப்பில் பழையபடி கடைசி வரிசை, பழையபடி ஊமை. யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, ஆங்கிலத்தில் பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எழுந்து நின்று படித்தாள். நடுத்தரமான மதிப்பெண்ணில் தேறினாள். குருபோங் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. புக்கிட் காதிலில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்தாள். கூட வேலை செய்த சாரதாம்பாள் டீச்சர் இரண்டொரு தடவை அவளை வீட்டுக்கு அழைத்துப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்குத் தலைக்கனம்லா, பேசவே மாட்டாங்க" என்று விட்டுவிட்டாள். பூங்காவனத்தின் காதிலும் அது விழுந்தது. மறுத்துச் சொல்ல முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பேசாமலிருந்தாள்.

கம்போங் செட்டிப் பக்கம் அவள் போவதே இல்லை. சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்து மலாய் ஆசிரியர் ஒருவரிடம் மலாய் படித்தாள். இரண்டு வருஷத்தில் நன்றாகவே பேச வந்துவிட்டது. யாரிடம் பேசுவதற்கு என்று அவர் கேட்டபோது, "ஒருத்தங்களப் பார்க்கப் போவணும்" என்று மட்டும் சொன்னாள்.

அறுபத்தொன்றில் தெய்வானை பீபி இறந்துபோனாள். சளிக்காய்ச்சல் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். செய்தி பூங்காவனத்துக்கு எட்டியபோது எல்லாம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் படையலுக்கு அவள் போனாள். வீட்டில் ஏகப்பட்ட கூட்டம். ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. அந்த நாளைவிட இப்போது சதை பிடித்திருந்தாள், கண்ணாடியும் போட்டிருந்தாள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து, நீங்கள் யார், பீபிக்கு என்ன உறவு என்று மலாயில் கேட்டாள்.

"முன்னே இந்த வீட்டுப் பின்னறையில குடியிருந்தேன்" என்று பூங்காவனம் சுத்தமான மலாயில் சொன்னாள்.

"அப்படியா? எவ்வளவு நாள்?"

"ஒன்றரை வருஷம்."

அந்தப் பெண் தலையசைத்து, அவளை உட்கார வைத்து இலை போட்டாள். இலையில் பரிமாறியதைப் பூங்காவனம் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிறகு கை கழுவி, பீபியின் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு, புக்கிட் காதில் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.