கே.ஜி.கண்டிகையில் நான் பாய்ச்சிய தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பாறை என்று மற்றவர்கள் கைவிட்ட இடங்களில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இரண்டு போர் லாரி வாங்கினேன். அம்பத்தூரில் மாடி வீடு கட்டினேன். மகள் கோமதியை வேளாண்மை ஆராய்ச்சி வரை படிக்க வைத்தேன். இத்தனையும் செய்தவன், இந்தப் பங்குனியில் திருத்தணி போய்த் தலைகுனிந்து திரும்பினேன்.

காலை மின்சார ரயிலில் திருத்தணி இறங்கினேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் எதிரே வந்தன.

"மலைக்குத்தானே பெரியவரே?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லப்பா, கே.ஜி.கண்டிகை. எம்பொண்ணு அங்க கோதுமை வெளைய வெச்சிகினு கீறா."

"கோதுமையா! ரேஷன்ல போட்டாத்தான் நாங்க பாப்போம்."

பத்து மணிக்கு வயலில் நின்றேன். கோமதி பள்ளிப்பட்டு போயிருந்தாள். ஒரு பாதி பச்சை; மறு பாதியில் இலைகள் சுருண்டு கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் பக்கம் போனேன்.

வேலை செய்துகொண்டிருந்த முனியம்மா ஓடிவந்தார். "வாணாங்கய்யா, அந்தப் பக்கம் தண்ணி உடக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீறாங்க."

"நான் பாக்காத தண்ணியா? நவுரும்மா."

தண்ணீர் பாய்ந்ததைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

நண்பகலில் வந்த கோமதி வரப்பிலேயே நின்றுவிட்டாள். "மோட்டார யாரு போட்டது நைனா?"

"நான்தாம்மா. பயிரு செத்துகினு இருந்திச்சே."

அவள் திட்டவில்லை. சூடு அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியை இலைகளின் மேல் நீட்டிப் பார்த்தாள். "தண்ணி கெடச்சா செடி வேர்க்கும், மேல்தழையோட சூடு எறங்கிடும். எறங்காத சூட்டுல மணி எவ்ளோ சுருங்குதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடத்தான் காய வெச்சேன். கதிரு பால் புடிக்கிற நேரம் நைனா. இனிமே அடுத்த தையிலதான் வெதைக்க முடியும்."

இந்தப் பருவத்தோடு ஆராய்ச்சியை முடிக்க வேண்டியவள் அவள்.

"நான் சொன்னேம்மா, அய்யா கேக்கல," என்றார் முனியம்மா. போனை எடுத்துப் பார்த்தேன். அனுப்பிய படத்துக்கு இன்னமும் கைதட்டல் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன.

மாலையில் ரயிலேற்ற வந்தவள் ஜன்னலருகே நின்று சொன்னாள்: "உடு நைனா. கைடு கேட்டா கோடை மழைன்னு சொல்லிக்கறேன்."

எந்த ஊரில் போர் போட்டுத் தண்ணீர் பீறிட்டாலும், ஊரார் அடிக்கும் மேளத்தை நிறுத்தி என் பேரைச் சொல்ல வைத்தவன் நான். வண்டி நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"மழைன்னு சொல்லாதடி! சுப்பராயன் பாய்ச்சினான்னு எழுது. உன் புஸ்தகத்துல என் பேரு இருக்கணும்!"