தங்கைக்கு அனுப்பிய களிம்பு

தோலைக் காட்டப் போனவளிடம் மனசைப் பற்றிக் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். நான் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டுக்கு வந்து ஆறாவது வருஷம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். நம் ஊரில் "அரிக்குதா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடும். இங்கே, போன வாரம் தோலால் வெட்கப்பட்டீர்களா, உடுத்தும் துணியை மாற்றினீர்களா என்று நர்ஸ் வாசித்துக்கொண்டே போனாள். "பார்ட்னரோடு சிக்கல் உண்டா?" என்றதும், "கடை என் கணவருடையது மட்டும்தான், பார்ட்னர் கிடையாது" என்றேன். "கணவரைத்தான் கேட்கிறேன்" என்றாள். 'துளியும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அது பொய்.

திருவண்ணாமலையில் எனக்கும் தங்கை சாயிராவுக்கும் ஒரே நோய். முழங்கையில் வெள்ளையாகச் செதில் உதிரும் சொரியாசிஸ். தொற்றாது என்று டாக்டர் சொல்லியும் தெருக்குழாயில் எங்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். பெண் பார்க்க வந்தபோது அம்மா எனக்கு முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கண்டுகொண்ட கணவர் திட்டவில்லை. அந்த இடத்தைத் தொடவும் இல்லை. சாயிரா மறைக்க மறுத்தாள். சைக்கிள் கடை இக்பால் தன் அம்மாவோடு வந்தபோது கையை நீட்டியே காட்டினாள். "இருந்தா இருக்கட்டும்" என்றாராம் இக்பால்.

களிம்பு எனக்குக் கேட்டது. ஆராய்ச்சி முடிந்து அது கடைக்கு வந்ததும் நான்கு ட்யூப் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சாயிராவின் வீடு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில். மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் அவள் கையை மடியில் வைத்து இக்பால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜாஸ்தி தேய்க்காதீங்க, எரியுது."

"கொஞ்சம் பொறு, ஆயிடுச்சு."

சாயிரா என் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். "உனக்கு சுத்தமா போயிடுச்சே அக்கா! குடுத்து வெச்சவ நீ."

கையை இழுத்துக்கொண்டேன். இவள் தோலும் ஆறிவிட்டால் இவளைவிட எனக்கென்று என்ன மிச்சம்? மூன்று வாரம் இருந்தேன். ட்யூபைக் கொடுக்காமலே திரும்பினேன்.

இங்கே வந்ததும் தொடர் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் மறுபடி அதே தாளை வாசித்தாள். வெட்கம் இல்லை, அரிப்பு இல்லை. நான் நலம் என்று எழுதிக்கொண்டாள். பொறாமையைப் பற்றி அதில் கேள்வி இல்லை. அன்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"சாயிராவுக்கு மருந்து குடுக்கலைங்க."

"ஏன்?"

"அவளுக்கு இக்பால் தடவி விடுறாரு. நீங்க ஒரு நாளாவது என்னன்னு கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா உனக்கு சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்" என்று என் முழங்கையில் கை வைத்தார். தடவி விட அங்கே இப்போது ஒன்றுமே இல்லை.

மறுநாள் நான்கு ட்யூபையும் பார்சல் கட்டினேன். இதையும் இக்பால்தான் தடவி விடுவார் என்று நினைத்தபோது கை ஒரு கணம் நின்றது. தபால் நிலையத்தில் இந்திய முகவரியைப் பார்த்த ஊழியர், "வீட்டுக்கா?" என்றார்; சொந்த ஊரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "ஆமாம், வீட்டுக்கு" என்றேன். வெளியே மழை. குடையை விரித்துக்கொண்டு நானும் வீட்டுக்குத்தான் நடந்தேன்.