ஒற்றைக்கை அக்காவும் திரும்பி வந்த பெட்டியும்

தெருவில் அவளுக்கு ஒற்றைக்கை அக்கா என்று பெயர். இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் ஒரு கையை விட்டால் மறு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அதனால் வந்த பெயர். ஒரு கை வழியாக ஏறும் மின்சாரம் மறு கை வழியாக இறங்கினால் நடுவில் மாட்டுவது நெஞ்சு. ரேடியோ கொண்டுவருகிறவர்கள், அந்தக் கைக்கு மட்டும் தினமும் லீவா என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். காரணம் தெரிந்தவர்கள் கேலி செய்வதில்லை.

கீழே வீடு, மாடியில் பட்டறை. வீட்டில் அவளும் அண்ணியும் மட்டும். பட்டறை முதலில் அண்ணனுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்புவரை அவன்தான் மெக்கானிக். அவள் பாகங்கள் எடுத்துக் கொடுப்பாள், டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவாள்.

அண்ணன் கடைசியாக வேலை செய்த அன்று மேசையில் இருந்தது ஒரு கன்சோல் ஸ்டீரியோ. பெட்டி மாதிரி நீளமான மரச்சாமான். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் இசைத்தட்டு சுழலும் தட்டு, மறு பக்கம் ரேடியோ, கீழே இரண்டு ஸ்பீக்கர். அண்ணன் கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கும் வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்ப் பலகையில் இரண்டு பிளக்குகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பெட்டியுடையது, மற்றது ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுடையது. இரண்டும் கறுப்பு.

"பிளக்கை உருவு" என்றான். உருவினாள். "உருவிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டான். "ஆச்சு" என்றாள். அவன் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டான். ஒரு சத்தமும் வரவில்லை. அப்படியே சாய்ந்தான்.

பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து முதலில் செய்தது, பலகையில் மிச்சம் இருந்ததையெல்லாம் பிடுங்கியெறிந்தது. எந்த பிளக் உள்ளே இருந்தது, எது வெளியே கிடந்தது என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியவில்லை. பதினாறாம் நாள் அண்ணி கேட்டாள்: "நீ எதை உருவின?" அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். கையில் ஒரு கறுப்பு பிளக் இருந்தது நினைவிருந்தது. எது என்று நினைவில்லை. "தெரியல அண்ணி" என்றாள். அண்ணி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பதினோரு வருஷமாக. சோறு போடுவாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுப்பாள். ஆனால் மாடிப்படி ஏறியதே இல்லை.

வேலையை அவள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு முறை பிளக்கை உருவும்போதும், காதுக்குப் பின்னால் "உருவிட்டியா?" என்று கேட்கும். கேட்ட மாதிரி இருக்கும் என்பதல்ல, கேட்கும். உருவிய பிளக்கைக் கொண்டுவந்து கண்முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, "இதோ" என்பாள். அப்புறம்தான் வேலை.

ஒரு காலையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, நான்கு ஆட்களை வைத்து ஒரு பெட்டியை மூச்சு முட்ட மாடிக்கு ஏற்றினாள். பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்ததாம். மூடியின் ஓரத்தில் சுட்ட தழும்பு ஒன்று, விரல் நீளத்தில். அண்ணன் அவசரத்தில் அயர்னை வைத்த இடம். அதே பெட்டிதான்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட மறைக்கக் கூடாதுக்கா. இதை ரிப்பேர் பண்ணும்போது ஒரு மெக்கானிக் செத்துட்டாராம். பெரியப்பா பயந்துபோய் மூடி வெச்சுட்டார். அதுக்கப்புறம் யாரும் பிளக்கே சொருகல. வேணாம்னா சொல்லிடுங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

அந்த மெக்கானிக் தன் அண்ணன்தான் என்று அக்கா சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

மூன்று நாள் மேலே துணியைப் போர்த்தி வைத்திருந்தாள். மேசைக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. நான்காம் நாள் பின்பலகையைக் கழற்றினாள். பிளக்கே சொருகாத பெட்டிதான். இருந்தும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள். எலி கடித்த ஒயர், தூசி, சிலந்திக்கூடு. ரேடியோவின் முள் அண்ணன் விட்ட இடத்திலேயே நின்றது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர். பெட்டியை அணைத்ததும் தேங்கி நிற்கும் மின்சாரத்தை வடித்துவிடுவதுதான் அதன் ஒரே வேலை. அது நடுவில் கருகி வெடித்திருந்தது. மீட்டர் வைத்தாள், முள் அசையவில்லை; உள்ளே பாதை அறுந்திருந்தது.

அவள் மீட்டரைக் கீழே வைத்துவிட்டாள். கொட்டகையில் கிடந்த பெட்டியில் மின்சாரம் ஓடவே இல்லை. ஓடாத பெட்டியில் ரெசிஸ்டர் கருகாது. அப்படியென்றால் அண்ணன் கை வைத்த அன்றைக்கே கருகியிருந்தது.

கெபாசிட்டர்களைப் புதிதாக மாற்றினாள். கடித்த ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயரும் பியூஸும் போட்டாள். ரெசிஸ்டரை மட்டும் வேண்டுமென்றே போடவில்லை. அண்ணன் வைத்திருந்தது போலவே வால்வுகள் ஒன்றும் இல்லாமல் வைத்தாள்; அவை இருந்தால் தேங்கியதை அவையே இழுத்துவிடும். நேராக மின்சாரம் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பு வைத்துக் கொடுத்தாள். உள்ளே எங்காவது கோளாறு இருந்தால் பல்புதான் பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. ஐந்து நிமிடம் விட்டு, பிளக்கை உருவி மேசைமேல் வைத்தாள். இன்றும் காதுக்குப் பின்னால் "உருவிட்டியா?" கேட்டது. பதில் சொல்லாமல் மீட்டரைப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது வோல்ட். பத்து நிமிடம் கழித்து முந்நூற்றுப் பத்து.

படியிறங்கிப் போய், "அண்ணி, ஒரு நிமிஷம் மேல வாங்க" என்றாள்.

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி நெடுநேரம் படியைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். பெட்டியை அடையாளம் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: பிளக் இதோ வெளியே கிடக்கிறது, மின்சாரம் இதோ உள்ளே நிற்கிறது. சொல்லிவிட்டு, மறைக்காமல் இன்னொன்றும் சொன்னாள். "நான் சரியானதைத்தான் உருவினேன்னு இது சொல்லல அண்ணி. உருவியிருந்தாலும் அவன் போயிருப்பான்னுதான் சொல்லுது."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கீழ இருந்து மூணு தடவை கூப்பிட்டேன். சாப்பாடு ஆறிப் போகுதுன்னு. மூணாவது தடவை கத்திட்டேன். அதான் அவசரப்பட்டாரோன்னு... நீ தப்பான பிளக்கை உருவியிருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன். உன்கிட்ட கேட்டது அதுக்குத்தான்."

அவளுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. மீட்டரை அண்ணி பக்கம் திருப்பினாள். "அரை மணி நேரம் பொறுத்துத் தொட்டிருந்தாலும் இது வடிஞ்சிருக்காது. நீங்க கூப்பிட்டதால ஒண்ணும் ஆகல."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா மீட்டர் காட்டுது."

தடிமனான ரெசிஸ்டர் ஒன்றை நீள ஒயரில் கோத்து, கெபாசிட்டரில் கிளிப் மாட்டி, ஒரு கையை முதுகில் கட்டியபடி மின்சாரத்தை வடித்தாள். முந்நூறு, நூறு, பத்து, சுழி. கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். வடித்த பிறகும் கெபாசிட்டரில் கொஞ்சம் தானாக ஊறி வரும். சுழியிலிருந்து முள் மெல்ல ஏறியது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்த பிறகும் வருதே" என்றாள். அவள் மறுபடி வடித்தாள். மூன்றாம் முறை அடங்கியது. புது ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள்.

ஒரு வாரத்தில் தட்டுக்கு ரப்பர் பெல்ட், இசைத்தட்டில் உரசும் முனைக்குப் புது ஊசி, எல்லாம் முடிந்தது. பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில், கேட்காமலே அண்ணியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே இறக்கினார்கள். டீச்சர் ஒரு இசைத்தட்டைத் துடைத்துப் போட்டாள். முதலில் கரகரப்பு, பிறகு ஒரு பெண்ணின் குரல், கூடம் நிறைய. டீச்சரின் கண் கலங்கியது. அண்ணி சுவரோரமாகவே நின்றாள். பாட்டு முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் வந்தாள். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"ஓடினா சூடாகத்தான் செய்யும் அண்ணி."

அண்ணி கையை எடுக்கவில்லை. டீச்சர் தட்டைத் திருப்பிப் போட்டு, இன்னொரு பாட்டு தொடங்கி, அதுவும் பாதி ஓடிய பிறகுதான் எடுத்தாள்.