சித்தப்பா அணி மாறிய வருடம்

தொலைக்காட்சியில் கபடி ஓடினால் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் மட்டும் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவேன். எனக்கு விளையாட்டே பிடிக்காது என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏழாவது படிக்கும்போது விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் என்னைப் போன்ற கபடிப் பைத்தியம் இன்னொன்று கிடையாது என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா பீங்கான் பட்டறை வைத்திருந்தார். ஃபியூஸ் கட்டைகளும் அகல்விளக்குகளும் சுட்டு வெளியூருக்கு அனுப்புவார்கள். ஆனால் அப்பாவின் மனசெல்லாம் அவர் நடத்திய கபடி அணியில்தான் இருந்தது. பட்டறைகளில் வேலை பார்த்த பையன்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய அந்த அணியை ஊரில் 'பீங்கான் டீம்' என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதில் கபடி பாடிக்கொண்டு போகிறவர். எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். காலையில் சூளையில் சரக்கு அடுக்குவார், சாயங்காலம் மணலில் இறங்குவார். அவர் மூச்சுப் பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்தால் நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவர் கோட்டைத் தொட்டுத் திரும்பிய பிறகுதான் விடுவேன்.

பெண் பிள்ளைகள் யாரும் ஆட்டம் பார்க்க வரமாட்டார்கள். டீம் வைத்திருப்பவரின் மகள் என்பதால் எனக்கு மட்டும் புள்ளி எழுதுகிறவரின் பெஞ்சில் ஓர் ஓரம் கிடைத்தது. அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லாத அபிப்பிராயம் இல்லை. எந்த அணியில் யாரை எடுத்திருக்க வேண்டும், யாரைத் துரத்தியிருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அணி மாறுகிறவர்களைப் பற்றி எனக்கு உறுதியான கொள்கை ஒன்றும் இருந்தது. கம்மாபுரத்திலிருந்து இரண்டு பேர் தங்கள் ஊர் அணியை விட்டுவிட்டு எங்களிடம் வந்தபோது, அவர்கள் நல்லது கெட்டது தெரிந்தவர்கள் என்று சொன்னேன். எங்கள் அணியில் பிடி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நெய்வேலிப் பக்கம் போனபோது, அவரை நன்றி கெட்டவர் என்று பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் தீர்த்தேன். இரண்டும் ஒரே காரியம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்த ஒரு ஆட்டத்தில் சித்தப்பாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அப்பா சித்தப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போய் முட்டிக்கு ஊசி போடவைத்தார். வீக்கம் இறங்கியது. அடுத்த வாரமே சித்தப்பா ஆடினார். அதோடு நின்றிருந்தால் சரி. உடம்பு தேற, தசை ஏற இன்னொரு ஊசி இருக்கிறது என்று அந்தக் கம்பவுண்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவார். நான் சைக்கிளில் போய் சீட்டைக் கொடுத்து, கம்பவுண்டர் பழைய பேப்பரில் சுற்றித் தரும் சின்னக் குப்பிகளைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வருவேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. பயந்துக்கும்" என்பார் அப்பா.

சொல்லவில்லை. டீமின் ரகசியம் ஒன்று என் பையில் இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கம்பவுண்டர் வாரம் இருமுறை பட்டறைக்கு வந்து, அச்சுகள் அடுக்கியிருக்கும் அறையில் வைத்து ஊசி போட்டுவிட்டுப் போவார். சித்தப்பாவின் தோள் அகன்றது. கழுத்து தடித்தது. முகம் ஊதி, கன்னமெல்லாம் பரு வந்தது. முன்பு கலகலவென்று பேசுகிறவர், சாம்பாரில் உப்பு கூடினால்கூடத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆனால் ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து இடுப்பைப் பிடித்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தார். அந்த வருடம் எங்களை யாரும் ஜெயிக்கவில்லை.

ஒருநாள் குப்பியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனபோது சித்தப்பா அப்பாவிடம் கெஞ்சுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"போதும்ண்ணே. நெஞ்சு படபடங்குது. படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது."

"இந்த ஒரு வருசம் மட்டும்டா. பொங்கல் கோப்பை நம்ம கையில இருக்குது, இப்ப போய் வுட்டுட முடியுமா?" என்றார் அப்பா.

எனக்கு அப்பா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. கோப்பையைவிடவா தூக்கம் பெரிது?

ஆடி மாதம் சித்தப்பா எங்களை விட்டுப் போனார். சேத்தியாத்தோப்பில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் அணி நடத்தினார். அவர் மில்லில் லாரி கொட்டகைக்கு மேஸ்திரி வேலை தருகிறேன் என்று கூப்பிட்டாராம். சித்தப்பா இரண்டு சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் "போயிட்டு வரேன் அண்ணி" என்றார். என் தலையில் கை வைக்க வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். அப்பா அன்று முழுக்கச் சூளைப் பக்கத்திலிருந்து வீட்டுக்கே வரவில்லை.

ஒலிம்பிக் நடந்த வருடம் அது. ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓடியவர், தூக்கியவர், எறிந்தவர் என்று பேப்பரில் தினம் யாராவது ஒருவரின் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். நான் அந்தச் செய்திகளை எழுத்து விடாமல் படித்தேன். இவர்களை ஜெயிலில் போட வேண்டும் என்று வகுப்பில் பேசினேன். படித்துக்கொண்டிருந்த எனக்கு என் புத்தகப் பை ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. வந்தது வேறொரு விதமாகத்தான். சித்தப்பாவின் பலம் எங்கள் ஊசியில் வந்த பலம். நான் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்த பலம். அதை அவர் தூக்கிக்கொண்டு போய் சேத்தியாத்தோப்புக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். இதுதான் என் கோபம்.

தை மாதம் பொங்கல் கோப்பை வந்தது. மணிமுத்தாற்றங்கரையில், கரும்பு வெட்டிய ஒரு நிலத்தைச் சமன் செய்து ஆடுகளம் போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டம் எங்களுக்கும் சேத்தியாத்தோப்புக்கும். பகல் மூன்று மணி வெயிலில் முன்னூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள்.

சித்தப்பா இளைத்திருந்தார். முகத்தில் ஊதல் வடிந்து, பழைய முகம் வந்திருந்தது. பெஞ்சில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். முன்போல நான்கு பேரை இழுத்துக்கொண்டு வர அவரால் முடியவில்லை என்பது முதல் இரண்டு தடவையிலேயே தெரிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தொட்டுவிட்டு நழுவினார். பாதி ஆட்டத்தில் நாங்கள் ஒன்பது புள்ளி பின்னால் இருந்தோம். அப்பா துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

"சித்தப்பா ஊசி போட்டுக்கிட்டு ஆடுறாரு! இது கள்ள ஆட்டம்!"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவர், "யாரு சொல்றது, அண்ணன் பொண்ணா?" என்றார். அடுத்து எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். ஆட்டம் நின்றது.

போட்டியை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு பி.டி. வாத்தியார். சித்தப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மேசைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். முதலில் அப்பாவைக் கேட்டார்.

"உன் தம்பிதானப்பா. கொழந்த சொல்றது நெசமா?"

அப்பா நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். ஏதோ சின்னப் பிள்ளை உளறுகிறது என்றிருந்தால் போதும். அவர், புள்ளி எழுதியிருந்த பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் கேள்விப்பட்டேன் சார்" என்றார்.

சித்தப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் அவரிடம், "ஊசி போடுறியா?" என்றார்.

"இப்ப போடல சார்."

"இப்ப போடலன்னா? அப்ப முன்ன போட்டியா?"

சித்தப்பா கால் விரலால் மண்ணைக் கீறினார்.

"யாருடா வாங்கிக் குடுத்தது? யாரு போட்டது? வாயத் தொறந்து சொல்லு. இல்லன்னா ஒன்னிய மட்டும்தான் நான் தண்டிக்க முடியும்."

சித்தப்பா மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. சித்தப்பாவின் வாயில் அண்ணன் பெயர் வரவில்லை. "பாப்பாவுக்குத் தெரியும் சார். பாப்பாவ கேளுங்க" என்றார்.

என்னை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். வாத்தியார் குனிந்து, "பயப்படாம சொல்லும்மா. யாரு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டார்.

நான் குழம்பினேன் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு எனக்கு ஆசைதான். ஆனால் நான் குழம்பவில்லை. சீட்டு, சைக்கிள், பழைய பேப்பர், குப்பி எல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொன்னால் கோப்பை போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது. இவர் இப்போது நம்ம டீம் இல்லை என்பது மட்டும்தான் என் கணக்கு.

"அவரே வாங்கி அவரே போட்டுக்குவாரு சார். நான் பாத்துருக்கேன்" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். திட்டுவார், கம்பவுண்டரைக் கூப்பிடச் சொல்வார், என் பையைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்து நான் அப்பாவின் பக்கம் நகர்ந்தேன். அவர் பனியனின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சார். பாப்பா சொல்றது சரிதான்" என்றார்.

அவர் இல்லாமல் மீதி ஆட்டம் நடந்தது. நாங்கள் ஜெயித்தோம். வாத்தியார் மைக்கில், இனிமேல் அந்த வட்டாரத்தில் எந்தப் போட்டியிலும் சித்தப்பா இறங்கக் கூடாது என்று அறிவித்தார். ரைஸ் மில்காரர் மூன்றாம் நாளே மேஸ்திரி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கோப்பையோடு வீட்டுக்கு வந்தோம். வழியில் அப்பா எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார். நான் குடிப்பதை அவர் பார்க்கவில்லை. மேசை முன்னால் நான் சொன்னதைப் பற்றி அன்றும் அவர் எதுவும் கேட்கவில்லை, அவர் இறக்கும்வரைக்கும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அணியைக் கலைத்துவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் சூளையில் வேலை அதிகம் என்றார்.

அந்த வாரக் கடைசியில் சித்தப்பா மீதித் துணிகளை எடுத்துக்கொண்டு போக வந்தார். திருப்பூருக்குப் போகப்போவதாக அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். போகும்போது, "பாப்பா எங்க அண்ணி? சாப்ட்டாளா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் போன பிறகு என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"எந்த ஊசிய அவனே போட்டுக்கிட்டான், சொல்லுடி? நெஞ்சு படபடப்புன்னு பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டுனான். இன்னும் ஒரு ஊசி போட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரு சொன்னாரு. ஒங்கப்பா கேக்கல. அந்த ஊசிக்குப் பயந்துதான்டி அவன் இந்த வூட்ட வுட்டே போனான். எனக்கு எல்லாம் தெரியும்."

எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது.

"அப்பறம் ஏன் அவரே ஆமான்னாரு? நான் சொன்னது சரின்னு அவரே சொன்னாரே!"

அம்மா என் கையை விடவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"வேற என்னடி சொல்லுவான்? அண்ணன் புள்ள பொய் சொல்லுதுன்னு அத்தன பேருக்கு முன்னால அவன் வாயால சொல்லுவானா?"

அம்மா சித்தப்பாவுக்குப் பரிந்துகொண்டு பேசுகிறாள், சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் ஏதோ சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆட்டக் கதையை இன்னொரு தடவை கேட்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் மதகுக் கட்டையில் ஏறி உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கடைசி இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன்.

"நான் கண்டுபுடிச்சு சொன்னதும் அவரால ஒண்ணும் பேச முடியல. ஒத்துக்கிட்டாரு, தெரியுமா?"